கோதுமை மீன்

பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியதும் ஹபீபுல்லா கண்ணை மூடிக்கொண்டார். தூக்கம் வந்து அல்ல, அலுப்பு. இந்த வயதில் ஒரு மனுஷன் நிம்மதியாகச் செய்யக்கூடிய காரியம் எத்தனையோ இருக்கிறது. ஸ்ரீரங்கத்தில் ஓர் அய்யங்கார் வீட்டுக்குப் போய் மீன் செய்வது எப்படி என்று சொல்லிக்கொடுக்கும் காரியம் அவர் தலையில் வந்து விடிந்திருந்தது.

எல்லாம் வாயால் வந்த வினை. அதுவும் பாலக்கரையில் கைலிக் கடை வைத்துக் கற்ற வியாபார வாய். வாடிக்கைக்காரன் வந்து உட்கார்ந்தால் ஹபீபுல்லா முதலில் சுமார் சரக்கைத்தான் பிரிப்பார். அவன் உதட்டைப் பிதுக்குவான். இன்னொன்றைப் பிரிப்பார். அவன் செருப்பைத் தேடும் நேரம் பார்த்து, "இது உங்களுக்கு ஒத்து வராதுங்க, சும்மா பாத்துட்டுப் போங்க" என்று அசல் பழவேற்காட்டுக் கைலியை விரிப்பார். அவன் மறுபடி உட்காருவான். கதை சொன்னாலும் அதே முறைதான். விசேஷத்தை அடியில் வைத்துக்கொண்டு மேலே மேலே துணியைப் போட்டுக்கொண்டிருப்பார்.

போன மாதம் தங்கை மகள் கல்யாணத்தில், பந்தி முடிந்து பந்தலில் உட்கார்ந்தபோது, கடைக் குமாஸ்தா சக்ரபாணியோடு அவர் கைலி விற்கப் போய்வந்த மலாயாவின் கதையை யாரோ கேட்டார்கள். கேட்பதற்கு ஸ்ரீரங்கத்திலிருந்து நாலு பேர் வந்திருந்தார்கள். பழமும் வெற்றிலை பாக்கும் மட்டும் எடுத்துக்கொள்ளும் கூட்டம். அதில் தபாலாபீஸ் அனந்தாழ்வானும் ஒருவர்.

"சீனன் விருந்து எப்பேர்ப்பட்டதுன்னு நம்ம சக்ரபாணி அய்யங்காரைக் கேளுங்க" என்று ஹபீபுல்லா ஆரம்பித்தார். "இம்மாம் பெரிய மீன். முழுசு. தலை, வாலு, செதிலு எல்லாம் அப்படியே. நம்ம அய்யங்கார் என்ன பண்ணாரு தெரியுமா? குச்சியைப் பிடிச்சாரு பாருங்க, ஒரு பக்கத்தைக் காலி பண்ணிட்டு, மீனைத் திருப்பிப் போட்டாரு. அதுக்கு மேல வாத்து ஒண்ணு வந்துச்சு..."

கூட்டம் சிரித்தது. வாத்துக்குத் தோல் எப்படி மொறுமொறுவென்று இருந்தது என்பதை அவர் விரிவாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது, ஸ்ரீரங்கம் பஸ் போய்விடும் என்று அனந்தாழ்வான் எழுந்து போய்விட்டார். மீனும் வாத்தும் கோதுமையிலும் சோயா மொச்சையிலும் செய்தவை, அந்தச் சமையற்கட்டில் வெங்காயம்கூட நுழையாது என்று ஹபீபுல்லா அடித்துணியை விரித்தபோது, அதைப் பார்க்க வேண்டிய ஆள் பாலத்தைத் தாண்டியிருந்தார்.

அனந்தாழ்வான் தங்கையைக் கட்டியவர் வீரராகவன். பள்ளிக்கூடத்தில் சமஸ்கிருத பண்டிட். அவருடைய மகனுக்குத்தான் சக்ரபாணியின் மகள் வைஜயந்தியை நிச்சயம் செய்திருந்தது. பையன் பொன்மலை ரயில்வே ஆபீஸில் கிளார்க். பெண் பார்க்க வந்த அன்று பாடச் சொல்லாமல், என்ன படிக்கிறாய் என்று கேட்டவன். அதிலிருந்து வைஜயந்திக்கு வேறு வரன் பேச்சே காதில் ஏறுவதில்லை. இதற்கு முன் வந்த வரன்களெல்லாம் ஏதோ ஒரு காரணத்தில் கைநழுவிப் போயிருந்தன. இப்போது இதற்கும் ஒரு காரணம் முளைத்துவிட்டது. பெண்ணின் தகப்பனார் மீன் தின்றவர்.

சக்ரபாணி ஹபீபுல்லாவின் கடையில் இங்கிலீஷ் கடிதப் போக்குவரத்தைப் பார்ப்பவர். நடந்ததை அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் ஹபீபுல்லாவுக்குத் தேவலை. அவர் கோபப்படவில்லை. "ஏன் பாய், அந்த வாத்தை மட்டும் சொல்லாம இருந்திருக்கப்படாதா?" என்று மட்டும் கேட்டுவிட்டு டைப்ரைட்டரை மூடினார்.

உண்மையில் அந்தச் சாப்பாட்டை நினைத்தால் ஹபீபுல்லாவுக்கு இன்றைக்கும் வாய் ஊறும். பினாங்கில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. நம்மவர் கடைகள் தெருவுக்குத் தெரு. சக்ரபாணிக்கும் செட்டியார் கோவில் மடைப்பள்ளி இருந்தது. கைலி வாங்கும் சீன முதலாளி இருந்தது உள்ளே, ஈயச் சுரங்கத்துக்குப் பக்கத்து ஊரில். அங்கே போன அன்று மழை பிடித்தது. ஆற்றுப் பாலம் போயிற்று. காட்டில் கம்யூனிஸ்டுகள், ரோட்டில் பட்டாளம், சாயங்காலமானால் ஊரடங்கு. ஊரெல்லாம் சீனர்கள். முதலாளி வீட்டு மேஜையில் பன்றி இருந்தது, நண்டு இருந்தது, பெயர் கேட்கத் துணியாத இன்னும் சிலதும் இருந்தன. ஹபீபுல்லா ஹலால் இல்லை என்று கையை எடுத்தார். சக்ரபாணி எதுவும் சொல்லாமலே கையை எடுத்தார். கொண்டுபோன அவலும் நாரத்தங்காயும் தீர்ந்தபின் இருவரும் வாழைப்பழத்தில் ஜீவித்தார்கள்; ஹபீபுல்லாவிடம் மட்டும் ஒரு பூண்டு ஊறுகாய்ப் புட்டி மிஞ்சியிருந்தது.

விருந்தாளிகள் வாடுவதைப் பார்க்க முதலாளிக்கு மானக்கேடாக இருந்தது. கடைசியில் தன் தாயார் அமாவாசை பௌர்ணமிக்கு விரதச் சாப்பாடு சாப்பிடும் புத்தர் கோவிலுக்கு அழைத்துப் போனார். தலையை மழித்த ஒரு கிழவி அங்கே சமையல். வாசலிலேயே ஹபீபுல்லாவை முகர்ந்து பார்த்து, பூண்டு வாடை வருகிறது, வாய் கொப்பளித்துவிட்டு வா என்று சைகை செய்தாள். அந்த நிமிஷமே சக்ரபாணிக்கு அவள்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது.

ஆனால் முதலில் வந்தது மீன். சக்ரபாணி எழுந்துபோய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். கிழவி சிரித்தாள். குச்சியால் மீனைப் பிளந்து காட்டினாள். முள் இல்லை. அப்புறம் அவர் கையைப் பிடித்து, மனைவியைத் தவிர எந்தப் பெண்பிள்ளையும் பிடித்திராத அந்த வைதிகக் கையைப் பிடித்து, சமையற்கட்டுக்குள் இழுத்துக்கொண்டு போய்த் தொட்டியைக் காட்டினாள். கோதுமை மாவைத் தண்ணீருக்குள் பிசைந்து பிசைந்து, பால் எல்லாம் போனபின் மிஞ்சிய சவ்வுதான் மீன். அதற்குமேல் சோயாப் பாலின் ஆடை, அதுதான் தோல்.

பாலம் கட்டும்வரை இரண்டு வேளையும் அங்கேதான். இஞ்சி மணக்கும் கரிய சாற்றில் மினுமினுத்துக்கொண்டு வந்த மீன், கடித்தால் முதலில் மொறுமொறுத்துப் பிறகு வெண்ணெயாகக் கரையும் வாத்து, காது மாதிரி ஒரு காளான், காலையில் பஞ்சு போன்ற வெள்ளைப் பணியாரம், கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ள உப்புக் கீரை. தாமரைத் தண்டு வந்த அன்று சக்ரபாணி, "இது தாயார் உக்கார்ற பூவாச்சே" என்று கண்ணில் ஒற்றிக்கொண்டு சாப்பிட்டார். குச்சி பிடிப்பதிலும் அவர்தான் தேறினார். "கை எச்சிலாகாம சாப்பிடத் தெரிஞ்ச ஜனம் பாய், நம்ம பக்கத்துல யாருக்கும் இது தோணலையே!" என்று வியந்தார். ஒரே மேஜையில், ஒரே தட்டிலிருந்து இருவரும் எடுத்துச் சாப்பிட்டது அங்கேதான். இருவருமே அதைப் பற்றி அப்போதும் பேசவில்லை, இப்போதும் பேசுவதில்லை.

இதையெல்லாம் ஹபீபுல்லா வீரராகவனிடம் போய்ச் சொல்லியாயிற்று. பண்டிட் மரியாதையாகக் கேட்டார். "பாய், நீங்க சொல்றதை நான் சந்தேகிக்கலை. ஆனா கோதுமையில செதிலோட மீன் பண்ணுவான்னு நான் யார்கிட்டப் போய்ச் சொல்றது? என் மச்சினன் வடக்குச் சித்திரை வீதி முழுக்கச் சொல்லியாச்சு. என் கண்ணால பாத்தா நானே நாலு பேர்கிட்ட சொல்லுவேன்" என்றார்.

அதனால்தான் இந்தப் பயணம்.

சக்ரபாணி வீட்டில், வாசலை ஒட்டிய ரேழியில் ஹபீபுல்லாவுக்கு ஒரு பெஞ்சு போட்டிருந்தது. அதற்கு உள்ளே அவர் வருவதில்லை; யாரும் சொல்லித் தெரிந்துகொண்டதில்லை. உள்ளே சமையற்கட்டில் சக்ரபாணியின் மனைவி சத்யபாமா மடிசாரும் கோபமுமாக இருந்தாள். நடுவில் தூதுக்கு வைஜயந்தி.

"ஊற வச்ச கோதுமையை அரைச்சு, தண்ணிக்குள்ளயே வச்சுப் பிசையச் சொல்லும்மா. பால் சுத்தமாப் போகணும்."

வைஜயந்தி உள்ளே போய் வந்தாள். "பாலை என்ன பண்றதுன்னு அம்மா கேக்கறா."

"அல்வா கிண்டச் சொல்லு. சம்பந்தி வர்றாருல்ல."

போய் வந்தாள். "அல்வாவுக்குப் பாலை எடுத்துண்டு, இந்தச் சக்கையை நாங்க மாட்டுக்குப் போடுவோம், சீனா தேசத்துல மனுஷாளுக்குப் போடறாளான்னு கேக்கறா."

"எங்க வீட்ல ஹாஜிராவும் அதையேதான் கேட்டுச்சு. நாம பாலை வித்தோம், சீனன் சக்கையை வித்துட்டான். யாரு கெட்டிக்காரன்னு அம்மாவே முடிவு பண்ணிக்கட்டும்."

உள்ளே பாத்திரம் சற்றுப் பலமாக வைக்கப்பட்டது.

சக்ரபாணி வந்து பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தார். சில நாட்களாகச் சரியாகத் தூங்காத முகம். "பாய், யோசிச்சுப் பாத்தீரா? மீன் மாதிரி வரலேன்னா நான் பொய்யன்னு ஆகும். தத்ரூபமா வந்துட்டா, இந்த ஆத்துல அவர் தீர்த்தம்கூட வாங்கிக்கமாட்டார்."

ஹபீபுல்லா யோசித்திருந்தார். யோசித்து, அதற்கு வழியில்லை என்று கண்டு, யோசிப்பதை நிறுத்தியிருந்தார். "பாதி மீன் மாதிரி இருந்தாப் போதும் சாமி. வாலு கொஞ்சம் கோணலா இருக்கட்டும்."

வால் கோணலாக வரவில்லை. உருப்பிடித்தது வைஜயந்தி. கல்யாணமே இந்த மீனில்தான் நிற்கிறது என்று அவளுக்குத் தெரியும். அவள் அரைகுறையாக எதையும் செய்கிறவளும் அல்ல. அம்மா மண்டபத்துப் படித்துறையில் பொரி போட்டுப் போட்டுப் பார்த்த மீனை மனசில் வைத்துக்கொண்டு, கரண்டி முனையால் ஒவ்வொரு செதிலாக அழுத்தியிருந்தாள். கண்ணுக்கு ஒரு மிளகு. இட்லிப் பானையில் வெந்து, நல்லெண்ணெயில் புரண்டு, வாழையிலையில் அது வந்து படுத்தபோது, சத்யபாமா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். ரேழியிலிருந்து ஹபீபுல்லா எட்டிப் பார்த்தார். ஒரு மீன் மார்க்கெட் வியாபாரியே நின்று விலை கேட்பான்.

"நல்லவேளை, நாமம் போடாம விட்டியே" என்றார்.

வைஜயந்தி சிரிக்கவில்லை. "நெத்தியில இடம் இல்லை, மாமா" என்றாள்.

வீரராகவன் வெயில் தாழ்ந்து வந்தார். குடையை மூலையில் வைத்தார், கால் அலம்பினார், கூடத்தில் மணையில் உட்கார்ந்தார். ஹபீபுல்லா சாட்சியாக ரேழி பெஞ்சில். இலையைத் திறந்ததும் பண்டிட்டின் உத்தரீயம் தானாகவே மூக்குக்குப் போயிற்று.

"கண்ணு வேறயா!" என்றார்.

"மிளகு, ஸ்வாமி" என்றார் சக்ரபாணி.

பண்டிட் கை விசிறியைத் தலைகீழாகப் பிடித்து, காம்பால் அதன் முதுகில் ஒரு குத்துக் குத்தினார். மீன் உள்வாங்கியது. காம்பை எடுத்ததும் நிதானமாக மேலே வந்து பழையபடி ஆனது.

"பாய், இதுக்கு உயிர் இருக்கா?"

"இருந்துச்சு சாமி, கோதுமையா இருந்தப்ப. அரைச்சப்பவே போயிருச்சு."

வீரராகவன் உதட்டோரத்தில் ஏதோ அசைந்தது. காம்பின் முனையால் ஒரு துணுக்கைப் பிய்த்தார், முகர்ந்தார், விரலால் நசுக்கினார். கோதுமைதான். மறுக்க முடியவில்லை. ஹபீபுல்லா மூச்சு விட்டார்.

"சரி. வஸ்து கோதுமை, ஜாதியால தோஷமில்லை" என்றார் பண்டிட். "கண்ணால பாத்துட்டேன். ஆனா மனசுன்னு ஒண்ணு இருக்கே, ஸ்வாமி. கோதுமையே ஆனாலும், மீன்னு கண்ணு சொல்றது, கை எடுக்கறது, வாய் ரசிக்கறது. ரசிச்சது எதை?"



பண்டிட் குரலை இறக்கினார். அவருக்கும் அலுத்திருந்தது என்று ஹபீபுல்லாவுக்குப் பட்டது. பிள்ளைக்கும் வயது ஏறிக்கொண்டே போகிறது. அவன் வேறு இந்தப் பெண்தான் என்று வீட்டில் ஒரே பிடியாக இருப்பதாகக் கேள்வி. "ஆபத்துக்குத் தோஷமில்லைன்னு சாஸ்திரம் வழி விட்டிருக்கு. தேசாந்தரம், பட்டினி, வேற கதியில்லை. அருவருத்துண்டு, கண்ணை மூடிண்டு, பிராணனைக் காப்பாத்திக்க சாப்பிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லும். போதும். அனந்தாழ்வான் வாயை நான் அடைக்கறேன். தை மாசம் முகூர்த்தத்தை வச்சுண்டுடலாம்."

கதவு இத்தனை அகலமாகத் திறந்து ஹபீபுல்லா பார்த்ததில்லை. ஒரே ஒரு வார்த்தை! அவராக இருந்தால் தூக்கத்தில்கூடச் சொல்லிவிட்டு, மேலே அழுதும் காட்டியிருப்பார். பெஞ்சில் இருந்தபடியே இருமினார். சக்ரபாணி திரும்பிப் பார்க்கவில்லை. சமையற்கட்டு நிலைப்படியில் வைஜயந்தி நின்றிருந்தாள். சக்ரபாணி அவளையும் பார்க்கவில்லை, மீனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பசியிலதான் சாப்பிட்டேன். வாஸ்தவம்" என்றார். "ஆனா அருவருத்துண்டு சாப்பிடலை, ஸ்வாமி. நன்னா இருந்தது. இன்னும் கொஞ்சம் போடுங்கோன்னு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்."

போச்சு என்று நினைத்துக்கொண்டார் ஹபீபுல்லா. இத்தனை நாள் கடையில் இருந்தும் இந்த மனுஷனுக்கு விற்கத் தெரியவில்லை.

ஆனால் பண்டிட் எழுந்திருக்கவில்லை. போகப்போகிறவன் முதலில் தன் சாமானைப் பார்ப்பான்; பண்டிட்டின் பார்வை குடை பக்கம் போகவேயில்லை. வியாபாரியின் கண்ணுக்கு அது போதும்.

"பண்டிட் சாமி" என்றார் ஹபீபுல்லா. "வெளியாளு, தப்பா எடுத்துக்காதீங்க. அவரு நல்லாருந்துச்சுங்கறாரு. எப்படி நல்லாருந்துச்சுன்னு நீங்களே ஒரு துண்டு வாயில போட்டுப் பாருங்களேன். உங்க சம்பந்தி வீட்டு அடுப்பு, அம்மா கையால ஆனது."

நாக்கு ஒருதரம் ருசியில் விழுந்துவிட்டால் சாஸ்திரம் தானாகப் பின்னால் வரும் என்பது அவர் கணக்கு. பண்டிட் சமையற்கட்டைப் பார்த்துச் சொன்னார்: "தலையையும் வாலையும் எடுத்துடச் சொல்லுங்கோ. செதிலும் வேண்டாம்."

பேரம் படிந்துவிட்டது. சத்யபாமா உள்ளே கண்ணை மூடிக்கொண்டு அரிவாள்மணையில் நறுக்கினாள். இஞ்சியும் மிளகும் போட்டுப் பிரட்டி, ஓர் இலையில் பண்டிட்டுக்கும் இன்னொன்றில் சக்ரபாணிக்கும் வைத்தாள். பண்டிட் ஒரு துண்டை வாயில் போட்டார்.

மென்றார். வலது கன்னத்தில் மென்றார். இடது கன்னத்துக்கு மாற்றினார். நிறுத்தி இளைப்பாறினார். மறுபடி மென்றார். தாடை மட்டும் வேலை செய்து, முகத்தின் மற்ற பாகமெல்லாம் ஆச்சரியத்தில் அசையாமல் நின்றது. கடைசியில் சொம்புத் தண்ணீரைத் தூக்கிக் கடகடவென்று ஊற்றி அதை உள்ளே தள்ளினார்.

"இதுவா?" என்றார். குரலே மாறியிருந்தது. "இதுவா நன்னா இருந்தது?"

சக்ரபாணியின் வாயிலும் ஒரு துண்டு இருந்தது. அவர் மெல்லுவதை விட்டுவிட்டு, சைக்கிள் டியூபைக் கடித்தவர் மாதிரி விழித்தார். "இல்லை ஸ்வாமி, அங்கே இது..."

"இதேதான்!" என்றார் ஹபீபுல்லா, பெஞ்சிலிருந்து எழுந்து. "அச்சு அசல் இதேதான், சாமி. இன்னும் கொஞ்சம் அழுத்தமாக்கூட இருக்கும். ரெண்டு வேளையும் இதுதான்."

பிறந்ததிலிருந்து அவர் மட்டமான சரக்கை உசத்தி என்று விற்றிருக்கிறார். உசத்தியான சரக்கை மட்டம் என்று சொன்னது இன்றைக்குத்தான். சொல்லும்போது நாக்கு கூசியது.

வீரராகவன் சக்ரபாணியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் கண் கலங்கியிருந்தது. "பெருமாளே! இதைக் கேட்டு வாங்கி, நன்னா இருந்ததுன்னு நெஞ்சாரச் சொல்லணும்னா, எப்பேர்ப்பட்ட பட்டினி கிடந்திருக்கீர்! அதைச் சொல்லத் தெரியாத சாதுவா இருக்கீரே! இதைவிட ஆபத்துன்னு சாஸ்திரம் எதைச் சொல்லப் போறது?" உள்ளே பார்த்து, "அம்மா, முகூர்த்தத்துல ஒரு மாத்தமும் இல்லை. வாய்க்கு வேற ஏதாவது இருந்தா கொண்டு வாங்கோ" என்றார்.

அல்வா வந்தது. பண்டிட் இரண்டு தரம் போட்டுக்கொண்டார். அனந்தாழ்வானையும் கூட்டிவந்து அந்தச் சக்கையில் ஒரு துண்டு கொடுத்தால் ஜன்மத்துக்கும் வம்பு பேசமாட்டான் என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார். வைஜயந்தி பின்கட்டுக்கு ஓடிவிட்டாள். சத்யபாமாவுக்கு மட்டும் முகம் தெளியவில்லை. பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிறது, சரி. தன் கைத்தளிகையை வாயில் வைத்துவிட்டு ஒரு மனுஷன் அழுதது இதுவே முதல் தடவை.

பஸ் ஸ்டாண்டு வரை சக்ரபாணி கூட வந்தார். தெற்கு வாசல் கடைகளில் விளக்கேற்றத் தொடங்கியிருந்தார்கள். இருவருக்கும் நடையில் சுரத்தில்லை.

"அந்தக் கிழவிக்குத் துரோகம் பண்ணிட்டோம், பாய்."

"வேற வழி?"

"அவ கையால சாப்பிட்டதை நான் தண்டனை மாதிரி அனுபவிச்சேன்னுதான் இனிமே இந்த ஊர் பேசும். நான் மறுத்தும் பேச முடியாது."

"பேசிடாதீங்க, சாமி" என்றார் ஹபீபுல்லா. "தை மாசம் கழியட்டும்."

"அவ ஏதோ பண்ணுவா. பிசைஞ்சதும் அப்படியே வேக வைக்கமாட்டா. நடுவுல ஏதோ இருக்கு."

"பொரிப்பா. பொரிச்சதை மறுபடி ஊற வைப்பா. எதுலன்னு நான் பாக்கலை. சாப்பிடற மும்முரத்துல கேக்கவும் இல்லை."

பஸ் வந்தது. உட்கார இடமில்லை. ஹபீபுல்லா படியில் கால் வைத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். கூட்டம் நெருக்கி ஏறும் சந்தில், சக்ரபாணி யாருக்கும் கேட்காதபடி அவர் காதருகே வந்தார்.

"அந்த வாத்து, பாய்..." என்றார்.

"ஆமா சாமி" என்றார் ஹபீபுல்லா. பஸ் நகர்ந்தது.